காரிமங்கலத்து மோட்டார் மேஸ்திரி: பழகியவர்கள் எழுதுபவை

காவேரிப்பட்டணத்திலிருந்து, அவரிடம் தொழில் கற்றவர்:

எரிந்த மோட்டார்களுக்குப் புதுக் காயில் (கம்பிச் சுற்று) கட்டிக் கொடுத்துவந்த எங்கள் மேஸ்திரி 2025 ஆவணியில் காலமானார். காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தைக்கு வந்து போகிற விவசாயிகளில், மோட்டார் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் ஒரு முறையாவது அவர் கடைப் பலகையில் உட்கார்ந்திருப்பார். ஆகவே நான் ஒருவனே எழுதுவதைவிட, பழகியவர்கள் எல்லோரும் தமக்குத் தெரிந்ததை எழுதினால்தான் நன்றாக இருக்கும் என்று அவருடைய மூத்த மகளிடம் சொன்னேன். அக்கா சம்மதித்தார். அப்பாவின் பெயரையும் படத்தையும் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். உயிரோடு இருந்தபோதே படம் எடுக்க யாராவது வந்தால் மேஸ்திரி வாயை இறுக மூடிக்கொள்வார். அதன் காரணத்தை அக்காவே சொல்லட்டும்.

நான் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அவரிடம் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் காயில் கட்டவே விடமாட்டார். எரிந்து வந்த மோட்டாரைப் பிரித்து, காயில்கள் பதிந்திருக்கும் ஸ்டேட்டரை வாசல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்பார். எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கருகியிருந்தால் வோல்டேஜ் குறைந்தோ பம்பு இறுகியோ மோட்டார் சுமை தாங்காமல் சூடேறி எரிந்திருக்கிறது. சில காயில்கள் கரியாகி, அவற்றுக்கு நடுவே மற்றவை நிறம் மாறாமல் இருந்தால், மும்முனை மின்சாரத்தின் மூன்று பேஸில் ஒன்று போன பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. காயில் உட்காரும் பள்ளங்களில், அதாவது ஸ்லாட்டுகளில், ஒரே ஒன்றில் மட்டும் கம்பி உருகி முத்து முத்தாகத் திரண்டிருந்தால், அந்த இடத்தில் இன்சுலேஷன் பேப்பர் கிழிந்து கரண்ட் பாடியில் அடித்திருக்கிறது. இதைப் பார்த்து முடித்த பிறகுதான் விவசாயியிடம் விலை பேசுவார். எரிந்த காரணத்தைச் சரிசெய்யாமல் புதுக் காயில் கட்டிக் கொடுத்தால் அதே மோட்டார் அடுத்த மாதம் அதே வண்டியில் திரும்பி வரும் என்பது அவர் கணக்கு. அப்படித் திரும்பி வருவதையே நம்பிப் பிழைப்பவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. அவருக்கோ அது மானக்கேடு.

குடும்பஸ்தர் என்ற வகையில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கடை நேரத்தைச் சொன்னால் போதும். மாலை ஏழு மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். பங்குனி, சித்திரையில் கிணறுகளில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய், பம்புகள் காற்றை இழுத்து, எரிந்த மோட்டார்கள் கடை வாசலிலிருந்து தெருவரை வரிசையாகக் கிடக்கும் காலத்திலும் அதே ஏழு மணிதான். கெஞ்சுகிறவர்களிடம், "காலையில அஞ்சு மணிக்கே வந்து உக்கார்றேன் கண்ணு, ராத்திரிய மட்டும் கேக்காதே" என்பார். சொன்னபடி ஐந்துக்கு வந்தும் விடுவார். இரவுச் சாப்பாட்டுக்கு மனைவி, மூன்று பிள்ளைகள், தாயார் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். அதில் ஒருவர் குறைந்தாலும் அவருக்குக் களி இறங்காது. நான் அவர் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் எனக்கும் அந்த வரிசையில் ஒரு தட்டு இருந்தது. நான் தனிக் கடை போட்டபோது தன்னிடம் இருந்த, காயில் சுற்றும் இரண்டு கை ராட்டைகளில் ஒன்றையும், கம்பியின் கேஜ் (தடிமன்) பார்க்கும் தகட்டையும் எடுத்துக் கொடுத்தார். அந்தத் தகட்டில் எண்கள் தேய்ந்து போயிருக்கின்றன. நான் கைத்தடவலிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தக்காளி விவசாயி:

மேலே எழுதியிருக்கும் அந்த ஏழு மணி வழக்கத்தால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவன் நான். 2023 ஆடி மாதத்தில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, அதுவரை குப்பையில் கொட்டியே பழகிய எங்களுக்குக் கனவு போல ஒரு விலை கிடைத்துக்கொண்டிருந்தபோது, என் போர்வெல்லில் சப்மெர்சிபிள் எரிந்துவிட்டது. காய் திரளும் சமயத்தில் தண்ணீர் நின்று மறுபடி பாய்ந்தால் காய் வெடித்துவிடும் என்பது விவசாயம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்களைப் பிடித்து, குழாயைக் கழற்றி, மோட்டாரை மேலே ஏற்றி, டெம்போவில் போட்டுக்கொண்டு போனபோது மணி ஆறே முக்கால். மேஸ்திரி பிரித்துப் பார்த்தார், காரணம் சொன்னார், ஷட்டரை இறக்கினார். "ரெட்டிப்புக் கூலி தருகிறேன்" என்றேன். கூலி வேண்டாம், விடியட்டும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போயே போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

ஆனால் மறுநாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். சப்மெர்சிபிளுக்கு மற்ற மோட்டார்களைப் போல வார்னிஷ் வேலை கிடையாது. தண்ணீருக்குள்ளேயே ஓடுவது என்பதால் மேல்உறை போட்ட கம்பியை ஒரு சுற்று விடாமல் கையாலேயே ஸ்லாட்டுக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். உறையில் நகம் பட்டுக் கீறினாலும் கெட்டது. நான் ஆறு மணிக்குப் போனபோது அவரும் அவர் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, அவர் ஒரு பக்கம் கம்பியை நுழைக்க, அந்த அம்மா மறுபக்கம் வாங்கி இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும் ஸ்டேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஊறவிட்டு, பிறகு இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்துச் சுற்றிப் பார்த்து, முள் இருக்க வேண்டிய இடத்தில் நின்ற பிறகே மூடினார்.

கணக்குப் பார்க்கும்போது செய்ததுதான் நான் எழுத வந்த விஷயம். எரிந்த மோட்டாரிலிருந்து உருவிய பழைய தாமிரக் கம்பிக்கு நல்ல விலை உண்டு. அது யாருக்குச் சேர வேண்டும் என்று பெரும்பாலான கடைகளில் யாரும் கேட்பதில்லை; கடைக்காரர் ஒரு மூலையில் தள்ளிவிடுவார், நாமும் மோட்டார் ஓடினால் போதும் என்று வந்துவிடுவோம். மேஸ்திரி அதை என் கண் முன்னால் தராசில் வைத்து நிறுத்து, அன்றைய பழைய தாமிர விலையைப் போட்டு, புதுக் கம்பிக்கான தொகையில் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொன்னார். தாமிரத்துக்குப் பதில் அலுமினியம் போட்டால் பாதியில் முடியுமே என்று கூட வந்திருந்த என் மச்சான் கேட்டதற்கு, அது ஓடும், ஆனால் நீங்கள் நினைக்கிற நாள் வரைக்கும் ஓடாது என்றார்.

ஓய்வுபெற்ற மின்வாரிய வயர்மேன், காரிமங்கலம்:

இலவச மின்சாரம் 1984-இல் சிறு விவசாயிகளுக்கு வந்தது. 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் என்றானது. அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் மோட்டார்கள் பெருகிய வேகத்துக்கு டிரான்ஸ்பார்மர்கள் ஈடுகொடுக்கவில்லை. கடைசிக் கம்பத்தில் இருக்கும் கிணற்றுக்கு வோல்டேஜ் போய்ச் சேரும்போது மோட்டார் ஓடாமல் உறுமிக்கொண்டிருக்கும். மும்முனை மின்சாரம் பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்று இருந்த காலத்தில், மீதி நேரமும் தண்ணீர் வேண்டும் என்று கன்டன்சர் (மின்தேக்கி) மாட்டி இரு முனையிலேயே மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டும் வழக்கம் பரவியது. ஒரு தோட்டத்தில் ஒருவர் ஆரம்பித்தால் அந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கும் எல்லோருடைய மோட்டாரும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஃப்யூஸ் போட்டுப் போட்டு எங்கள் கை ஓய்ந்துவிடும்.

நாங்கள் சீருடையில் போய்ச் சொன்னால் கேட்க மாட்டார்கள். மேஸ்திரி சொன்னால் கேட்டார்கள். காரணம், அவர் சொல்வதோடு நிறுத்துவதில்லை. கன்டன்சரால் இரண்டாம் முறை எரிந்து வந்த மோட்டாரைக் கையால் தொட மாட்டார். கன்டன்சரைக் கழற்றிக் கொண்டுவந்து கடைப் பலகையில் வைத்தால்தான் பிரிப்பேன் என்பார். அவர் கடையின் பரண் மேல் அப்படிச் சேர்ந்த கன்டன்சர்கள் ஒரு கோணி நிறையக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதோடு, ஒரு பேஸ் போனால் தானாக நிறுத்திவிடும் கருவியை ஸ்டார்ட்டர் பெட்டியில் மாட்டச் சொல்லி வற்புறுத்துவார்; அதை விற்பதில் அவருக்கு லாபம் எதுவும் இல்லை, வேறு கடையில்தான் வாங்கச் சொல்வார். 2008-க்குப் பிறகு ஐந்தாறு வருடம் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு இருந்ததே, அப்போது மோட்டார் காயில் கட்டுகிறவர்களுக்கெல்லாம் தலைக்கு மேல் வேலை. "நல்லாச் சம்பாதிக்கிறீங்க போல மேஸ்திரி" என்று ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

அவர் கடையை முழு நாளும் மூடுவது ஆடிப்பெருக்கு அன்றுதான். குடும்பத்தோடு ஒகேனக்கல் போய்விடுவார். நான் ஆடி பதினெட்டுக்கு அங்கே டூட்டி போட்டால், எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் முதுகைக் கொடுத்துவிட்டுப் பாறையில் குப்புறப் படுத்திருப்பவரைப் பார்க்கலாம். பக்கத்தில் மனைவி மீன் குழம்புக்குக் கொடுத்தனுப்ப மசாலா அளந்துகொண்டிருப்பார்கள், பிள்ளைகள் பரிசல் கேட்டு நச்சரித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு மட்டும் மோட்டாரைப் பற்றி யார் கேட்டாலும் பதில் கிடைக்காது.

மூத்த மகள், தற்போது ஓசூரில் வசிக்கிறேன்:

எல்லோரும் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தக்காளி அண்ணன் எழுதியதைக் கேட்டு அம்மா சிரித்தார்கள். அன்று இரவு அப்பாவுக்குத் தூக்கமே வரவில்லை என்றும், மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொண்டு அம்மாவை எழுப்பலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் சொல்லச் சொன்னார்கள்.

எரிந்த காயிலில் எத்தனை சுற்று இருந்தது என்று எண்ணித்தான் புதியதில் அத்தனை சுற்று போட வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அப்பா ராட்டையைச் சுற்றும்போது வாய்விட்டு எண்ணுவார். நான் அவர் மடியில் சாய்ந்துகொண்டு கூடவே எண்ணுவேன். பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியை ஒன்றிலிருந்து பத்து வரை சொல்லச் சொன்னபோது நான் நிறுத்தாமல் எழுபத்திரண்டு வரை சொல்லிவிட்டு நின்றேனாம். ஏன் அங்கே நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, அதோடு கம்பியை வெட்டிவிட வேண்டும் என்றேனாம். இந்தக் கதையை அப்பா கடைக்கு வருகிறவர்கள் அனைவரிடமும் சொல்லி என் மானத்தை வாங்கியிருக்கிறார். தங்கையும் தம்பியும் அப்படியேதான் எண் கற்றார்கள். தங்கை பிறகு பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் மின்னியல் படித்தாள்; விடுமுறையில் வந்து புத்தகத்தில் இருக்கும் சூத்திரத்தை அவரிடம் விளக்கும்போது, அவர் வேலையை விட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்து கேட்பார். கேட்டு முடித்ததும், "சரிதான். நாப்பது வருசமா இதைத்தான் பண்ணிட்டு இருந்திருக்கேன்" என்பார்.

அம்மா காயில் வேலையில் பாதியைச் செய்தார்கள் என்பது பலருக்குத் தெரியும். இன்சுலேஷன் பேப்பரை அளவாக வெட்டி மடிப்பது, ஸ்லாட்டின் வாயில் அடிக்கும் மூங்கில் குச்சியைச் சீவுவது, காயில் தலைப்பை நூலால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் அம்மாவின் கை. பலருக்குத் தெரியாதது, அப்பா அதற்குக் கூலி கொடுத்தார் என்பது. சனிக்கிழமை மாலையில் வேலைக்கு இருக்கும் பையன்களுக்குக் கொடுப்பது போலவே அம்மாவுக்கும் எண்ணிக் கொடுப்பார். வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது வேறு, இது வேறு. அம்மா அதை அஞ்சலகத்தில் தன் பெயரில் போட்டு வைத்தார்கள். "புருசங்கிட்ட எவளாவது கூலி வாங்குவாளா" என்று சொந்தத்தில் கேலி செய்தவர்கள் உண்டு. தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை அந்தப் பணத்தில்தான் கட்டினோம். தம்பிக்குக் கடையில் பங்கு எழுதியபோது அம்மாவுக்கும் சேர்த்தே எழுதினார்.

படத்துக்கு வாயைத் திறக்காத காரணத்தைக் கேட்டிருந்தீர்கள். அப்பாவின் முன்பற்கள் முழுக்கப் பழுப்புக் கோடுகள் படிந்திருந்தன. தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடிப் பாறையிலிருந்து புளோரைடு கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கலந்திருப்பது இன்று எல்லோருக்கும் தெரியும். பல் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை ஏறிவிடும், நீண்ட காலம் குடித்தால் எலும்பையும் தாக்கும். அப்பா சிறுவனாக இருந்தபோது அதைச் சாமிக் குற்றம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். நான் பிறந்த பிறகு யாரோ விஷயத்தைச் சொல்ல, அப்பா எங்கள் தெருக் குழாய் நீரையும் சுற்று வட்டாரத்துத் திறந்த கிணறுகளின் நீரையும் தனித்தனிப் புட்டியில் பிடித்து, ஊர்ப் பெயரை ஒட்டி, தருமபுரிக்கு எடுத்துப்போய்ச் சோதிக்கக் கொடுத்தார். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது என்று அங்கே சொன்னார்கள். எங்கள் தெருக் குழாய் அந்த எல்லைக்கு மேலே இருந்தது. இரண்டு மைலுக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பில் இருந்த பழைய கிணறு எல்லைக்குள் இருந்தது.

அன்றிலிருந்து விடியற்காலையில் சைக்கிளின் இரு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு அந்தக் கிணற்றுக்குப் போய் வந்தார். குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்; தெருத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும். தோப்புக்காரர் காசு வாங்க மறுத்ததால், அந்தக் கிணற்று மோட்டார் எரியும்போதெல்லாம் அப்பா கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தார். மழையோ காய்ச்சலோ, குடம் வந்தது. தம்பிக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்த வருடம், அவனை வாசலில் நிறுத்தி, தாடையைத் தூக்கிப் பிடித்து, வெயிலில் ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். ஸ்டேட்டரைப் பார்ப்பது போலவே பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். எங்கள் தெருவுக்கும் காவிரித் தண்ணீர் வந்த பிறகுதான் சைக்கிளின் கொக்கிகளைக் கழற்றினார்.

எங்கள் மூவருக்கும் பல் வெள்ளையாக இருக்கிறது. என் திருமணப் படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் புகார் கொடுக்க வந்தவர் போல நிற்கிறார் என்று என் மாமியார் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று இங்கே எழுதிவிட்டேன்.

ஊத்தங்கரை வட்டத்திலிருந்து:

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு உள்மாவட்டங்களில் கொட்டிய மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பதிவானது. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் சாலையில் நின்ற வண்டிகளை அடித்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் கிணற்று மேட்டில் இருந்த, பம்போடு ஒன்றாக இணைந்த மோனோபிளாக் மோட்டார்கள், ஸ்டார்ட்டர் பெட்டிகள் எல்லாம் சேற்றில் புதைந்து கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டவர்களுடைய காயில் அந்த நொடியே போயிற்று.

என் மாமனார் காரிமங்கலத்துக்குப் போன் செய்தார். மேஸ்திரிக்கு அப்போது உடம்பு தளர்ந்திருந்த நேரம். கடையை மகன் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் போனை வாங்கி அவரே பேசினார். யாரும் சுவிட்சைத் தொட வேண்டாம், மோட்டாரைப் பிரித்து நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி வெயிலில் காய வையுங்கள், நான் வருகிறேன் என்றார். மறுநாள் மகனோடு வந்து எங்கள் களத்தில் உட்கார்ந்துவிட்டார். தகரப் பெட்டிக்குள் பெரிய குண்டு பல்புகளை எரியவிட்டு, அதற்குள் ஸ்டேட்டரை வைத்து மூடி, மணிக்கொரு தரம் மெக்கரில் பார்த்தார். ஈரமாக இருக்கும்போது முள் அடியிலேயே கிடக்கும். காயக் காய ஏறும். போதுமான அளவுக்கு ஏறியதும் வார்னிஷ் ஒரு கை ஊற்றி, மறுபடி காய வைத்து, பேரிங் மட்டும் மாற்றிக் கொடுத்தார். காயிலே மாற்றாமல் எங்கள் களத்திலிருந்து எத்தனையோ மோட்டார்கள் வீட்டுக்குத் திரும்பின. நனைந்துவிட்டது என்ற சாக்கில் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிப் பணம் பார்த்தவர்களும் அதே வாரத்தில் அதே ஊரில் இருந்தார்கள்.

மாலை ஏழு மணி வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் இருந்தபோது ஏழு மணிக்கு அவர் வேலையை நிறுத்திவிட்டு மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, அவர்கள் அங்கே சாப்பிட, இவர் இங்கே சாப்பிட்டார். என்ன குழம்பு என்று முதலில் கேட்டுக்கொண்டார். மகன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

தருமபுரியில் இதே தொழில் செய்பவர்:

எல்லோரும் நல்லதையே எழுதுவதால், போட்டிக் கடைக்காரனும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன். மேஸ்திரியால் எங்களுக்குத் தொல்லைதான். பழைய தாமிரத்தைக் கழித்துக் கொடுக்கும் வழக்கத்தை அவர் ஆரம்பித்துவைத்த பிறகு, சந்தைக்குப் போய் வந்த விவசாயிகள் எங்களிடமும் தராசைக் கேட்க ஆரம்பித்தார்கள். கடையை விரிவுபடுத்துங்கள், பம்பு விற்பனையும் சேர்த்துச் செய்யுங்கள், தேசிய நெடுஞ்சாலையில் இடம் பிடியுங்கள் என்று நான் சொன்னபோதெல்லாம், அப்புறம் வீட்டுக்கு எப்போ போறது என்பதே அவர் பதிலாக இருந்தது. அவர் கைத்திறனுக்கு அவர் சேர்த்திருக்க வேண்டியது இதைப்போல் பல மடங்கு. பிள்ளைகளுக்கு அவர் இன்னும் கொஞ்சம் சொத்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். மற்றபடி, என்னால் கண்டுபிடிக்க முடியாத கோளாறு என்றால் மோட்டாரை அவரிடம்தான் அனுப்பினேன். எந்தக் கடையிலிருந்து வந்தது என்று வாடிக்கையாளரிடம் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர், பணி நிறைவுற்ற ஆசிரியர்:

சுருக்கமாக ஒன்று. அவருடைய தாயாருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்த பிறகு, மதியம் ஒரு மணிக்கு அவர் வந்துதான் ஊட்டுவார். மருமகள் ஊட்டினால் அந்த அம்மாள் சாப்பிட மாட்டார் என்பதல்ல. மருமகளுக்கு அந்த ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்க வேண்டும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். கையில் வார்னிஷ் வாடை போகாது என்பதால் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். "இன்னிக்கு எத்தனை மோட்டாரு?" என்று தாயார் குழறலாகக் கேட்பார், இவர் எண்ணிக்கையைச் சொன்னால்தான் அடுத்த கவளத்துக்கு வாய் திறக்கும். வேலையே இல்லாத ஐப்பசி மழை நாட்களில் மின்விசிறி, மிக்ஸி எல்லாவற்றையும் மோட்டார் கணக்கில் சேர்த்துச் சொல்வது எங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

மூத்த மகள்:

ஆயாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி, சார்.

அப்பாவின் கணக்கு நோட்டுகளைப் பற்றித் தனியாகக் கேட்டு இருவர் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். பிரித்த ஒவ்வொரு மோட்டாருக்கும் கம்பி கேஜ், சுற்று, ஸ்லாட் எண்ணிக்கை, இணைப்பு முறை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். இப்போது உற்பத்தியில் இல்லாத பழைய கோயம்புத்தூர் மோட்டார்களின் விவரமும் அதில் இருக்கிறது. தொழில் செய்பவர்கள் யார் வேண்டுமானாலும் கடைக்கு வந்து படம் எடுத்துக்கொள்ளலாம். நோட்டை மட்டும் வெளியே கொடுக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். இடையிடையே எங்கள் தடுப்பூசித் தேதி, செருப்பு அளவு, அம்மாவின் சனிக்கிழமைக் கூலி எல்லாம் வரும். அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இன்னொன்று. வேலை முடிந்தும் ஆள் வராமல் சில மோட்டார்கள் கடையில் கிடக்கின்றன. பாடியில் ஊர்ப் பெயரைச் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறார்: பெரியாம்பட்டி, அனுமந்தபுரம், மொரப்பூர் என்று. கூலி கொடுக்க முடியாமல் வராதவர்களாக இருந்தால் அதற்காகத் தயங்க வேண்டாம் என்று அம்மா சொல்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் பயிர் காய்ந்தால் அப்பாவுக்குப் பிடிக்காது என்பது அவர்கள் கட்சி. தம்பி செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே கடையைத் திறந்துவிடுவான். மாலை ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள்.